தாணு பில்டிங்கில் ஒதுங்க இடம்

திருநெல்வேலி ஜங்ஷனில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நிற்கும் தாணு பில்டிங்கை யாரும் அந்தப் பெயரால் சொல்வதில்லை. அதற்குள் நடக்கிற தொழிலின் பெயராலும் சொல்வதில்லை. ஒரு தொழில் அங்கே படுத்து, பலகையை இறக்கிக்கொண்டு போன பிறகுதான் அதன் பெயர் கட்டடத்தில் ஒட்டும். உள்ளே ஜவுளி வியாபாரம் ஓகோவென்று நடந்த காலத்தில் ஆட்டோக்காரர்களுக்கு அது ‘பஸ் கம்பெனி பில்டிங்’. எந்த பஸ், எந்தக் கம்பெனி என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. ஜவுளிக்கடை போய்க் கம்ப்யூட்டர் காலேஜ் வந்ததும் ‘ஜவுளிக்கடை பில்டிங்’ ஆயிற்று. காலேஜ் போய் நகைக்கடன் கம்பெனி வந்தபோது ‘காலேஜ் பில்டிங்’. இப்போது அங்கே நடப்பது மீன் சாப்பாட்டு ஓட்டல். ‘அடகுக்கடை பில்டிங்குக்கு விடும்’ என்று சொல்லித்தான் சாப்பிட வருகிறார்கள்.

இந்த நாலு தொழிலிலும் சம்பளம் வாங்கிய ஒரே ஆள் வடிவம்மாள். ஸ்ரீவைகுண்டத்துக்காரி. அப்பாவும் அம்மாவும் அணைக்கட்டுப் பாசனத்தில் வயல் வேலைக்குப் போனவர்கள். அவள் பிளஸ் டூ முடித்த கையோடு செந்தூர் பாசஞ்சரில் ஏறி, ஜங்ஷனில் இறங்கி, ஜவுளிக்கடையில் சேர்ந்தாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் கட்டடத்தை விட்டுப் போகவில்லை. உள்ளே இருந்தவர்கள்தான் மாறிக்கொண்டே இருந்தார்கள். புதிதாக வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிட, கூட்டித் துடைக்க, மோட்டார் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று கேட்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. “சாவிக்கொத்தோட ஒன்னயும் சேத்துல்லாட்டி கை மாத்துதாவ,” என்று அவளுடைய சிநேகிதி பாத்து கேலி செய்வாள்.

வடிவம்மாளுக்கு அந்தக் கட்டடத்தின் மேல் பாசம் ஒன்றும் கிடையாது. ஒரு மனத்தாங்கல்தான் உண்டு. வயதாக ஆக அது கோபமாக முற்றியது. அத்தனை பெரிய மாடிக் கட்டடத்தில், வேலை பார்க்கிற ஒரு பெண் ஒண்ணுக்குப் போக இடம் கிடையாது.

ஜவுளிக்கடை முதலாளி குமரகுருபரன் அண்ணாச்சி. கட்டடத்தைக் கட்டிய தாணுமாலையனின் மகன். நெற்றி நிறைய விபூதியும் வெள்ளை வேட்டியுமாகக் கல்லாவில் உட்கார்ந்திருப்பார். கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. சம்பளம் தேதி தவறாது. தீபாவளிக்கு எல்லோருக்கும் சேலை. வேலைக்கு வந்த பெண்களை ஒரு நாளும் ‘ஏட்டி’ என்று அழைத்ததில்லை. ‘அம்மா’ என்றுதான் சொல்வார். ஆனால் இரண்டு காரியம் அவருக்கு ஆகாது. ஒன்று, விற்கிற பெண்கள் உட்காருவது. “நீங்க நின்னாத்தாம்மா லெச்சுமி நிப்பா. நீங்க உக்காந்தா அவளும் கால நீட்டி உக்காந்துருவா,” என்பார். இன்னொன்று, அவர்கள் வேலை நேரத்தில் ஒதுங்கப் போவது.

ஆண்களுக்கு மாடிப்படிக்குப் பின்னால் ஒன்று இருந்தது. பெண்கள் ரோட்டைக் கடந்து பஸ் ஸ்டாண்டுக் கட்டணக் கழிப்பறைக்குப் போக வேண்டும். அதற்கும் நினைத்த நேரத்தில் போக முடியாது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு மரக்கட்டை தொங்கும். துணி சுற்றி வருமே, அந்தக் கட்டையில் அறுத்த துண்டு. அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருத்தி போய் வந்தால்தான் அடுத்தவள் போகலாம். இருபதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு அந்த ஒரு கட்டை. அதைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடக்கும்போது டிரைவர்களும் டீக்கடைக்காரரும் எங்கே போகிறாள் என்று தெரிந்துகொண்டு பார்ப்பார்கள். ஆடித் தள்ளுபடி, தீபாவளி என்று கூட்டம் ஏறிவிட்டால் கட்டை கல்லாப்பெட்டிக்குள் போய்விடும்.

பட்டுப் பிரிவில் வடிவம்மாளுக்குப் பக்கத்தில் நின்றவள்தான் பாத்து. மேலப்பாளையத்துக்காரி, இவளைவிட நாலைந்து வயது மூத்தவள். வடிவம்மாள் சேர்ந்த முதல் வாரமே வழி சொல்லிக்கொடுத்தாள்.

“தண்ணி குடிச்சாத்தானட்டி தொல்ல. காலைல வீட்ல ஒரு மடக்கு. பொறவு ராத்திரி வீட்டுக்குப் போயி செம்ப கவுத்துக்கோ.”

“வெயில்ல தொண்ட காஞ்சிருமே மைனி.”

“தொண்ட காஞ்சா ஒனக்கு மட்டுந்தான் தெரியும். மத்தது ஊருக்கே தெரியும்லா.”

வடிவம்மாள் அப்படியே பழகினாள். இரண்டாவது தீபாவளிக்கு அடிவயிற்றில் நெருப்பை வைத்த மாதிரி வலி. காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே சேலை விரித்துக் காட்டினாள். டாக்டரம்மா மருந்து எழுதிவிட்டு, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், அடக்கவே கூடாது என்றார். எங்கே வேலை பார்க்கிறாய் என்று அவர் கேட்கவில்லை.

காய்ச்சல் விட்டு வந்த அன்று அவள் நேரே கல்லாவுக்குப் போனாள். பேசுவதற்கு முன்னே முகம் சிவந்துவிட்டது.

“அண்ணாச்சி, எங்களுக்கு இங்கனயே ஒண்ணு கட்டிக் குடுத்தியன்னா புண்ணியமாப் போவும்.”

குமரகுருபரன் அண்ணாச்சிக்குக் கோபம் வரவில்லை, கூச்சம் வந்தது. தலையைக் குனிந்துகொண்டு மேஜையைப் பார்த்தே பேசினார்.

“எடம் எங்கம்மா இருக்கு? சுவரு பூரா சரக்கு அடுக்கியிருக்கு. நீயே பாக்கியில்லா.”

“அன்னா, அந்த மூலையில கோணிச் சாக்குதான் கெடக்கு.”

“அது கன்னிமூலைம்மா. அங்கன கக்கூசு வச்சா யாவாரம் படுத்துரும்.”

அவள் பட்டுப் பிரிவுக்குத் திரும்பி, சுவரை ஒட்டி நின்றாள்.

வியாபாரம் கக்கூஸ் வைக்காமலே படுத்தது. வண்ணாரப்பேட்டைப் பக்கம் குளுகுளு வசதியோடு மாடி மாடியாகக் கடைகள் வந்தன. கல்யாண ஜவுளி எடுக்க வருகிறவர்கள் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, தாணு பில்டிங்கை ஏறிட்டும் பார்க்காமல் டவுன் பஸ் பிடித்துப் போனார்கள். அண்ணாச்சி இரண்டு மூன்று வருஷம் இழுத்துப் பார்த்துவிட்டுக் கடையை மூடினார். கடைசி நாள் பெண்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் கும்பிட்டார். பாத்து அழுதாள். வடிவம்மாளுக்கு அழுகை வரவில்லை. மரக்கட்டை அன்றும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்து வந்தது கம்ப்யூட்டர் காலேஜ். பிளைவுட் தடுப்பு அடித்து ஜவுளிக்கடையை ஏழெட்டு வகுப்பறையாக்கினார்கள். வடிவம்மாள் அட்டெண்டர். வந்து சேர்ந்தவர்களில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள் என்பதைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு நம்பிக்கை வந்தது. காலேஜ் நடத்துகிறவர்கள் அண்ணாச்சியைப் போல மூலை பார்க்கிறவர்கள் அல்ல, சூட் போட்டவர்கள். பெண்களுக்கு ஒன்று கட்ட மொட்டை மாடிக்குப் போகிற வழியில் இடம் ஒதுக்கினார்கள்; குழாயும் பீங்கானும் வந்து இறங்கின. அவளே எண்ணி வாங்கி வைத்தாள்.

அந்த வருஷம் சேர்க்கை அதிகமானது. ஒதுக்கிய இடத்தில் இன்னொரு வகுப்பறை வந்தது. பீங்கான் சாமான்கள் படிக்கட்டுக்குக் கீழே சாக்கு போட்டு மூடிக் கிடந்தன. பிரின்சிபாலிடம் அவள் கேட்கும்போதெல்லாம் “அடுத்த பேட்ச் வரட்டும்மா” என்பார். பேட்ச் பேட்சாகப் பிள்ளைகள் படித்துவிட்டுப் போனார்கள். இடைவேளையில் அந்தப் பிள்ளைகள் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவதை வடிவம்மாள் மாடியில் நின்று பார்ப்பாள். மரக்கட்டை இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்குள் அவளுக்குக் கல்யாணமாகியிருந்தது. வீட்டுக்காரர் சுடலைக்கண்ணு வாழைத்தார் லோடு ஏற்றுகிறவர். மகளைச் சுமந்தபோதும் காலேஜுக்கு வந்தாள். நிறைமாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு அந்த ரோட்டைக் கடப்பதுபோல ஒரு பாடு வேறு கிடையாது. பஸ்காரன் அடிக்கிற ஹாரனில் வயிற்றுக்குள் பிள்ளை துள்ளும். ஒரு நாள் பாதி ரோட்டில், இரண்டு பஸ்ஸுக்கு நடுவில், அவளால் அடக்க முடியாமல் போயிற்று. நனைந்த சேலையோடு அப்படியே ஸ்டேஷனுக்கு நடந்து வந்து ஊருக்குப் போகிற ரயிலுக்குக் காத்திருந்தாள். சுடலைக்கண்ணுவிடம் மழையில் நனைந்ததாகச் சொன்னாள். அது சித்திரை மாதம்.

காலேஜும் ஒரு நாள் பலகையை இறக்கியது. ஊர் ஊருக்கு இன்ஜினியரிங் காலேஜ் வந்தபின் இங்கே படிக்க ஆள் இல்லை. நகைக்கடன் கம்பெனி வந்தது. தடுப்புகளைப் பிடுங்கினார்கள், ஜன்னல்களுக்கு இரும்புக் கம்பி வைத்தார்கள், இரும்புப் பெட்டக அறை கட்டினார்கள். வடிவம்மாளுக்கு டீ போட்டுக் கொடுக்கிற, கூட்டிப் பெருக்குகிற வேலை. ஆபீசர்களுக்கென்று ஒரு கழிப்பறை வந்தது. அதற்குப் பெட்டக அறையைத் தாண்டித்தான் போக வேண்டும்; டீ போடுகிறவள் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. பாதுகாப்பு விஷயம். அவள் இதையும் கேட்டுப் பார்த்தாள். “ஆபீசு ரூலும்மா, நான் என்ன செய்யட்டும்,” என்றார் மேனேஜர். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு காரணம் இருந்தது. கன்னிமூலை, அடுத்த பேட்ச், பாதுகாப்பு. ஒவ்வொரு காரணமும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் பட்டது. அதுதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கூட்டியது.

இதற்கிடையில் பஸ் ஸ்டாண்டையே இடித்தார்கள். புதிதாகப் பெரிதாகக் கட்டப் போவதாகத் தகரம் அடித்து மறைத்தார்கள். தகரத்துக்குள்ளே கட்டணக் கழிப்பறையும் போயிற்று. பஸ் எல்லாம் வேறெங்கோ நின்றது. கூட்டம் குறைந்து, ஜங்ஷன் கடைக்காரர்கள் ஈ ஓட்டினார்கள். வருஷங்கள் போயின. பக்கத்து ஓட்டலில் கேட்டால் முகத்தைப் பார்ப்பார்கள்; ஒரு டீ வாங்கிக் குடித்தால்தான் பின்பக்கம் போக விடுவார்கள். குடித்த டீ கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வேலையைக் காட்டும். கடைசியில் அவள் ரயில்வே ஸ்டேஷனைக் கண்டுபிடித்தாள். கையில் சீசன் டிக்கெட் இருக்கிறது, யாரும் நிறுத்தமாட்டார்கள். போக வர நடந்து முடிவதற்குள் ஆபீசில் “வடிவம்மா எங்கே, டீ எங்கே” என்று சத்தம் கிளம்பிவிடும்.

பிறகு அந்த மார்கழி வெள்ளம். ஆறு ஜங்ஷனுக்குள் ஏறி வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் அவள் வீட்டிலும் தண்ணீர். பள்ளிக்கூட மாடியில் ஊர்க்காரர்களோடு கிடந்தார்கள். வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் தாணு பில்டிங் கீழ்த்தளத்தில் முழங்கால் அளவு சேறு. நகைக்கடன் கம்பெனி மாடியில் ஏற்றி வைத்திருந்த பெட்டிகளைப் போலீஸ் காவலோடு எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டது. கட்டடம் பூட்டிக் கிடந்தது. வடிவம்மாள் ஊரில் வாழை இலை அறுக்கப் போனாள். வயற்காட்டில் மறைவுக்குப் பஞ்சமில்லை. அந்த ஒரு விஷயத்தில் நிம்மதி என்று பாத்துவிடம் போனில் சொல்லிச் சிரித்தாள்.

ஒரு வருஷம் போயிருக்கும். மகேஷ் போன் செய்தான். குமரகுருபரன் அண்ணாச்சியின் மகன், பெங்களூரில் வேலை. அண்ணாச்சி வெள்ளத்துக்கு முன்பே காலமாகியிருந்தார்.

“வடிவக்கா, நம்ம பில்டிங்க ஓட்டலுக்கு விட்டிருக்கேன். மணப்பாட்டுக்காரரு, ஜெர்வின்னு பேரு. கப்பல்ல சமையல்காரரா இருந்தவரு. ஒரு நல்ல ஆளு வேணும்னு கேக்காரு. நீங்க வருவிய இல்லா?”

சுடலைக்கண்ணுவுக்கு இடுப்பில் பிடிப்பு. லோடு ஏற்ற முடியவில்லை. அவள் போனாள்.

ஓட்டலுக்காகக் கொத்தனார்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். கீழ்த்தளத்தில் ஒரு சுவர் வெள்ளத்தில் ஊறி வயிறு தள்ளியிருந்தது. பழைய பட்டுப் பிரிவின் பின்சுவர். அதை இடித்துக் கட்டிவிடலாம் என்று கொத்தனார் கடப்பாரையைப் போட்டார். ஒற்றைச் செங்கல் சுவர். இரண்டு போடு போட்டதும் உள்பக்கமாகச் சரிந்தது. அதற்கு அப்பால் வெளிச்சுவர் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு. போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார்கள். ஒரு அறை.

தரையில் கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரக் கல். ஒரு பக்கம் பீங்கான் தொட்டி, அதற்கு மேலே துருப்பிடித்த குழாய். எதிரே மரக்கதவு போட்ட மூன்று மறைப்புகள். மேலே காற்றுப் போக்கி. அதை வெளியே இருந்து பூசி அடைத்திருந்தார்கள். தரையில் வெள்ளச் சேற்றில் ஒரு தகரப் பலகை குப்புறக் கிடந்தது. வடிவம்மாள்தான் அதை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். நீல நிறத்தில் வெள்ளை எழுத்து: ‘ஸ்திரீகள் மட்டும்’.

அவளுக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. ஓட்டல் வேலையைப் பார்க்க வந்திருந்த மகேஷ் பக்கத்தில் நின்றான்.

“இது என்ன ரூமு தம்பி?”

“தாத்தா இத பஸ் கம்பெனிக்குத்தானே கெட்டினாங்க. கீழ புக்கிங் ஆபீசு. இது பொம்பளையாளுக வெயிட்டிங் ரூமாம். அப்பா சொல்லியிருக்காங்க. இம்புட்டு முழுசா இருக்கும்னு நான் நெனைக்கல.”

“அப்பாக்கு இது இருக்கது தெரியுமா?”

மகேஷுக்கு அவள் ஏன் கேட்கிறாள் என்று தெரியாது. “அப்பாதானே அடச்சது,” என்றான் சாதாரணமாக. “கடை ஆரம்பிக்கயில, பட்டு அடுக்க நீளமா ஒரு சுவரு வேணும்னு மறிச்சுட்டாங்க.”

அந்தச் சுவரில் முதுகு படத்தான் அவள் நின்றாள். இடுப்பு விட்டுப்போகும்போது ஒரு காலைத் தூக்கி அதில்தான் ஊன்றிக்கொள்வாள். காய்ச்சலில் நடுங்கியபோது சாய்ந்தது அதில்தான். இந்தப் பக்கம் பாத்துவும் அவளும் தண்ணீர் குடிக்காமல் நிற்க, கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் அந்தப் பக்கம் மூன்று கதவு, குழாய், தொட்டி. ‘எடம் எங்கம்மா இருக்கு’ என்று மேஜையைப் பார்த்துச் சொன்னாரே, அப்போது அவருக்குத் தெரியும். கூச்சத்தில் குனிந்தார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

கேட்கலாம் என்றால் மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். மகனிடம் கேட்டு என்ன செய்ய? அவள் பலகையைச் சுவரோரம் சாத்திவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். பாத்துவுக்குப் போன் போட்டாள்.

பாத்து மறுநாள் காலையிலேயே வந்துவிட்டாள். முட்டி வலியோடு உள்ளே நுழைந்து, ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தாள். குழாயைத் திருகிப் பார்த்தாள். வெளியே வந்து படியில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்தாள்.

“செத்தவுகள ஏசக் கூடாதும்பாவ,” என்றாள். “எனக்கு ஏசணும் போல இருக்குட்டி.”

“ஏசு மைனி. நான் நேத்தே ஏசிட்டேன்.”

ஜெர்வினுக்கு அந்த அறை ஒரு புதையல். கப்பலில் பல ஊர் பார்த்தவர். பழைய சதுரக் கல்லைத் தேய்த்து மினுக்கினார், புதுக் குழாய்களும் விளக்கும் போட்டார், நீலப் பலகைக்கு வர்ணம் கொடுத்து வாசலுக்கு மேலே மாட்டினார். சாப்பிட வருகிற பெண்கள் கை கழுவப் போய்விட்டுப் படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். ‘ஜங்ஷன்ல இப்படி ஒரு சுத்தமான பாத்ரூமா’ என்று சொன்னார்கள். சுத்தமாக வைத்திருந்தவள் வடிவம்மாள். காலை, மதியம், மாலை என்று அதைக் கழுவுவது அவள் வேலை.

திறந்த அன்றே சூப்பர்வைசர் ரெனிஷா எல்லோரையும் நிறுத்தி வைத்துச் சொன்னாள். உவரிப் பிள்ளை, படித்து முடித்துச் சேர்ந்த முதல் வேலை. “இந்த ரெஸ்ட் ரூம் கஸ்டமருக்கு மட்டுந்தானாம். ஸ்டாஃப் எல்லாரும் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போயிக்கிடணும். சார் சொல்லிட்டாங்க.”

எதிரே புதிதாகக் கட்டிய பஸ் ஸ்டாண்ட் அதற்குள் திறந்திருந்தது. வடிவம்மாள் அன்று சாயங்காலம் ஜெர்வினிடம் போய் நின்றாள்.

“தம்பி, கழுவுதது நான். நான் போகக்கூடாதாக்கும்?”

“ஒங்களச் சொல்லல அக்கா. கிச்சன்ல மீன் கழுவுதவங்க, ஏனம் தொலக்குதவங்க எல்லாம் அந்த டிரெஸ்ஸோட போனா, சாப்பிட வந்தவங்க மொகஞ்சுளிப்பாங்க. அவ்வளவுதான். மேல ஒண்ணு கெட்டித் தாறேன்.”

“எப்பம்?”

“பாப்போம்க்கா.”

கன்னிமூலை, அடுத்த பேட்ச், பாதுகாப்பு, இப்போது முகஞ்சுளிப்பு. அவள் மறுபடியும் கேட்டாள், அடுத்த மாதமும் கேட்டாள். ஜெர்வின் ஒவ்வொரு தடவையும் அன்பாகத்தான் பதில் சொன்னார். திட்டியிருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம்.

பாத்துவின் தங்கை மகள் ஜனாபா பாத்திரம் துலக்கச் சேர்ந்திருந்தாள். மாசமாக இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், முகூர்த்த நாள், வாசல்வரை கூட்டம் நின்றது. ஜனாபா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அந்த அறைக்குள் நுழையப் போனாள். வாசலில் ரெனிஷா கையைக் குறுக்கே நீட்டினாள்.

“பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டு வாங்க.”

“அம்புட்டுத் தூரம் தாங்காதுக்கா.”

“என்னய என்ன செய்யச் சொல்லுதிய? அன்னா கேமரா இருக்கு. எனக்குத் திட்டு விழும்.”

ஜனாபா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வடிவம்மாள் துடைப்பத்தோடு பின்னால் நின்று இதைப் பார்த்தாள். அவளுக்குக் கத்தத்தான் தோன்றியது. கத்தவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, ஜனாபாவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். அவள் வெளியே வரும்வரை வாசலில் தானே நின்றாள். ரெனிஷா கேமராவை ஒரு தடவை பார்த்துவிட்டு விலகிக்கொண்டாள்.

பிறகு வடிவம்மாள் அடுக்களைக்குள் போனாள்.

“ஏட்டி, யாருக்கெல்லாம் போவணும்?”

மீன் கழுவுகிறவர்கள் சிரித்தார்கள். “எப்பமும்தான் போவணும். அதுக்கு?”

“எல்லாரும் வாங்க. ரூல்படி பஸ் ஸ்டாண்டுக்குப் போவோம். சேந்தே போவோம்.”

“இந்தக் கூட்டத்திலயா?”

“கூட்டம் பாத்துட்டா வருது அது?”

அப்படியே வைத்தது வைத்தபடி எழுந்தார்கள். பாதி செதில் உரித்த நெய்மீன் பலகையில் கிடந்தது. இலை எடுக்கிற இருவர் வாளியை வாசலில் வைத்துவிட்டு வந்தார்கள். மஞ்சளும் மீன் வாடையுமாக, பெண்கள் எல்லோரும் வரிசையாகச் சாப்பாட்டுக் கூடத்தின் நடுவே நடந்து ரோட்டைக் கடந்தார்கள். பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். வரிசை வெளியேவரை நின்றது. அவர்களும் பின்னால் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் ரெனிஷா ஓடி வந்தாள். கூப்பிடத்தான் வந்தாள், வந்தவள் வரிசையைப் பார்த்தாள், வடிவம்மாளைப் பார்த்தாள், கடைசியில் போய் நின்றுகொண்டாள். “காலைல இருந்து எனக்கும் முடியல யக்கா,” என்றாள் மெதுவாக.

ஜெர்வின் வந்தபோது முகம் கறுத்திருந்தது. அங்கே இலை போட்டவர்களுக்குக் குழம்பு இல்லை, கேட்டவர்களுக்குத் தட்டு இல்லை.

“என்னக்கா இது? ஸ்டிரைக்கா?”

“ஸ்டிரைக்கெல்லாம் தெரியாது தம்பி. நீங்க சொன்ன எடத்துலதான் நிக்கோம். இன்னும் நாலஞ்சு பேரு போன பொறவு எங்க மொற வரும். வந்தொடன வந்துருதோம்.”

“யாவாரத்தக் கெடுக்கதுக்குன்னே செய்யுதிய.”

“ஆமா,” என்றாள் வடிவம்மாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவளுக்கு இத்தனை வருஷம் ஆகியிருந்தது.

ஜெர்வின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் தன் ஓட்டல் வாசலைப் பார்த்தார். ஒரு குடும்பம் எழுந்து வெளியே வந்துகொண்டிருந்தது. “சரி, வாங்க. அங்கனயே போங்க, வந்து தொலைங்க,” என்றார். பெண்கள் வரிசையிலிருந்து விலகினார்கள். ரெனிஷா மட்டும் தன் முறை வரட்டும் என்று நின்றாள்.

மன்னிப்பும் கிடையாது, புது ரூலும் கிடையாது. ‘கஸ்டமருக்கு மட்டும்’ என்பதை யாரும் மறுபடி சொல்லவில்லை, அவ்வளவுதான். அடுக்களைப் பெண்கள் ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டுப் போய் வந்தார்கள். யாரும் முகஞ்சுளித்ததாக வடிவம்மாள் பார்க்கவில்லை. ஒரு வாரம் ஜெர்வின் அவளோடு சரியாகப் பேசவில்லை. மாதக் கடைசியில் வழக்கம்போலப் பேசினார். மாடியில் கட்டித் தருவதாகச் சொன்னது மட்டும் நடக்கவேயில்லை. அவள் டாக்டரிடம் போனபோது, சிறுநீரகத்தில் பழைய புண்ணின் தழும்பு இருக்கிறது, ஆயுசுக்கும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். யார் மேல் வழக்குப் போட?

இந்த ஐப்பசியில் மகேஷ் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஒருவர் செல்போன் ஷோரூம்காரர்கள் அனுப்பிய இன்ஜினியர். இன்னொருவர் கையில் அளக்கும் டேப். ஜெர்வினின் ஒப்பந்தம் தை மாதத்தோடு முடிகிறது. கீழ்த்தளம் ஷோரூமுக்கு, ஓட்டல் மாடிக்கு என்று பேச்சு. ஜெர்வின் கல்லாவில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

இன்ஜினியர் கூடம் முழுவதும் நடந்து பார்த்துவிட்டு நீலப் பலகைக்குக் கீழே வந்து நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

“இத எடுத்துட்டா டிஸ்பிளேக்கு நல்ல நீளம் கிடைக்கும் சார். ஒரே சுவரா வந்திரும்.”

மகேஷ் தலையாட்டினான். வடிவம்மாள் உள்ளே தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். வாளியை வைத்துவிட்டு வந்து வாசல்படியில் நின்றாள்.

“ஒங்க ஷோரூம்ல பொம்பளப் பிள்ளைய வேல பாப்பாவளா?”

இன்ஜினியர் அவளை அப்போதுதான் பார்த்தார். “பாப்பாங்க. ஏம்மா?”

“அவளுவளுக்கு எங்கன?”

அவர் பிளானைப் புரட்டினார். மகேஷைப் பார்த்தார். “அது… ஃபேஸ் டூல, ரெண்டாங்கட்டத்துல வரும்.”

“வடிவக்கா, கொஞ்சம் வழி விடுங்க. அளந்துட்டுப் போயிருதோம்,” என்றான் மகேஷ்.

“அளக்க வேண்டாம் தம்பி.”

“சும்மா அளவுதானே எடுக்காங்க.”

“வேண்டாம்னு சொல்லுதேன்.”

அடுக்களைக் கதவைத் திறந்துகொண்டு ஜனாபா வந்தாள், இப்போது கைக்குழந்தைக்காரி. அவளுக்குப் பின்னால் ரெனிஷா. இருவரும் வந்து வடிவம்மாளுக்குப் பக்கத்தில் நின்றார்கள். வாசல் அகலம் அவ்வளவுதான். டேப் பிடித்திருந்த ஆள் இன்ஜினியரின் முகத்தைப் பார்த்தார்.

“பரவால்ல, மொதல்ல முன்பக்கத்த எடுப்போம்,” என்றார் இன்ஜினியர்.

அவர்கள் முன்பக்கம் போனார்கள். ஷட்டர் பக்கத்திலிருந்து டேப்பின் சத்தம் கேட்டது. வடிவம்மாள் நகரவில்லை. கழுவிவிட்ட தண்ணீர் அவள் காலைச் சுற்றி வந்து படிக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது.